பாலாற்றங்கரையில் மருத்துவம் நாடியோரும் நாடாதோரும்

விடியற்காலையில் காட்பாடி ரயில் சந்திப்பில் வந்து நிற்கும் வடநாட்டு வண்டிகளிலிருந்து இறங்குவோரின் பேச்சைச் சற்றே செவிமடுத்துக் கேட்டால், நாம் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றோமா என்னும் ஐயம் எழும். வங்காளியும் அஸ்ஸாமியும் ஒடியாவும் இந்தியும் அங்கே ஒலிக்கின்றன. இரண்டு இரவுகள் வண்டியில் கழித்து, கையில் மருத்துவக் கட்டுகளோடும் கண்ணில் கவலையோடும் வருகின்ற அம்மக்கள் அனைவரும் நாடிச் செல்வது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. அதனைச் சூழ்ந்த தெருக்களில் தங்கும் விடுதிகளின் பெயர்ப் பலகைகள் வங்காள எழுத்திலும் எழுதப்பட்டிருக்கக் காணலாம்.

அதே வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டுப் பகுதியைச் சேர்ந்த அல்லேரி மலையில், 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு குழந்தையைப் பாம்பு தீண்டியது. மலையிலிருந்து இறங்குவதற்குச் சரியான சாலை இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே குழந்தை இறந்துபட்டது. திரும்புகையில் வாகனம் சாலை முடியும் இடத்தோடு நின்றுவிட, தாய் அவ்வுடலைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்தே மலையேற நேர்ந்தது. செய்தித்தாள்கள் வாயிலாக நாடறிந்த நிகழ்ச்சி அது.

ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கல்கத்தா நகரத்தாருக்கு எட்டுகின்ற மருத்துவம், கூப்பிடு தூரத்தில் உள்ள மலைக்கு எட்டவில்லை. இதற்குக் காரணம் யாது? மாணவ நண்பர்களே, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. நோய் எங்கே மிகுதியோ அங்கே மருத்துவமும் மிகுதியாக நாடப்படும் என்று எண்ணுவது நம் இயல்பு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. மருத்துவத்தை நாடும் அளவு ஊருக்கு ஊர், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டில் நோயின் பங்கு சிறிதே. வேலூர் தொடங்கி இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் நம் தோல் தொழில் நாட்டைக் காட்டிலும் இதனை விளங்க வைக்கும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்க மிஷன் மருத்துவர் குடும்பம் ஒன்றில் ஒரு பெண் பிறந்தார். ஐடா ஸ்கட்டர் என்பது அவர் பெயர். பாட்டனாரும் தந்தையாரும் இந்நாட்டில் தொண்டு புரிந்தவர்களாயினும், தமக்கு அவ்வாழ்க்கை வேண்டா என்று உறுதி பூண்டு அமெரிக்கா சென்றவர் அவர். தாயார் நோயுற்றதனால் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திண்டிவனத்துக்கு வந்து தங்கியிருந்தார். ஒரே இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக, அவ்வீட்டு வாயிலில் வந்து நின்றனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்குடி இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். தம் தந்தையார் மருத்துவர், அவர் உடனே வருவார் என்று ஐடா சொன்னார். மூவரும் மறுத்தனர். அயல் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பது இயலாது என்பதே அவர்கள் கூற்று. ‘நீங்கள் வாருங்கள்’ என்று அவர்கள் ஐடாவை அழைத்தனர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் ஒரு பெண்மணியின் மனமாற்றக் கதையாகவே சொல்லிப் போகின்றனர். அது மெய்தான். ஆயினும் வரலாற்று மாணவர் இதில் காண வேண்டியது வேறொன்று. மருத்துவர் ஊரிலேயே இருந்தார். கட்டணம் ஒரு தடையன்று. தொலைவும் ஒரு தடையன்று. மூன்று கணவன்மாரும் மனைவியர்பால் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பு இருந்ததனாலன்றோ நள்ளிரவில் ஓடிவந்தனர்! தேவை உச்சத்தில் இருந்தது. பயன்பாடு இல்லாது போயிற்று. இடையில் நின்றது மருத்துவரின் பால் ஒன்றே. ‘மக்கள் அறியாமையால் மருத்துவத்தை ஒதுக்கினர்’ என்று எளிதில் எழுதிவிடும் நூலாசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அக்கணவன்மார் மருத்துவத்தை ஒதுக்கவில்லை. பெண் ஒருவர் வந்து செய்யும் மருத்துவத்தைத் தேடியே வந்தனர். அது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஐடா ஸ்கட்டர் அமெரிக்கா திரும்பிக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டு வந்தார். வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது அவர் பணி. 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை நாற்பது படுக்கைகளோடு பெண்களுக்கென எழுந்தது. 1909-இல் செவிலியர் பள்ளி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அப்பள்ளியின் முதல் அணியினர் தேர்வெழுதியபோது அவர்களுள் ஒருவரும் தேறமாட்டார் என எண்ணிய அதிகாரிகள் இருந்தனர். எழுதிய பதினால்வரும் தேறினர். ஆடவர் அங்கே மாணவராகச் சேர்க்கப்பட்டது 1947-இல்தான்.

கோஷா முறை வழுவாத முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் மிகுதி. தோல் வணிகத்தால் பொருள் படைத்த குடும்பங்கள் அவை. பணம் இருந்தும் பெண்களுக்கு மருத்துவம் எட்டாத நிலை, பெண் மருத்துவர் வந்த பின்னரே மாறலாயிற்று. ஆம்பூரில் லுத்தரன் மிஷனார் நிறுவிய பெதஸ்தா மருத்துவமனையும் இவ்வகையில் அப்பகுதி மக்களுக்குத் துணை நின்றது.

இனித் தொலைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க நாட்டில் எட்வர்டு ஜார்விஸ் என்னும் மருத்துவர் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனநோய் இல்லங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தார். எந்த இல்லத்திலும், அதற்கு அருகில் வாழ்ந்த மக்களிடமிருந்தே நோயாளர் மிகுதியாக வந்திருந்தனர். தொலைவு மிகுந்தோறும் வருகை குறைந்தது. மனநோய் இல்லத்தைச் சுற்றிலுமா மனநோய் வளரும்? பாதை அருகில் இருந்தது, ஆகவே வந்தனர். ஜார்விஸின் பெயரால் வழங்கும் விதியாக இஃது இன்றும் கற்பிக்கப்படுகின்றது.

ஜார்விஸைப் படித்தாரோ இல்லையோ, ஐடா ஸ்கட்டர் இதனைத் தம் அனுபவத்தில் கண்டுகொண்டார். வாரந்தோறும் குடியாத்தம் சாலை வழியே மருந்துப் பெட்டியோடு புறப்பட்டு, குறித்த மரத்தடிகளில் நின்று நோயாளரைப் பார்க்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். முதலில் மாட்டு வண்டி; பின்னர் மோட்டார் வண்டி. மருத்துவமனைக்கு ஒருபோதும் வாராத குடியானவர்கள் புளியமரத்து நிழலில் வரிசையாக நின்றனர். அவர்களுடைய நோய் புதிதாய்த் தோன்றியதன்று. மருத்துவம் நடந்து வந்தது. அவர்களும் நடந்து வந்தனர். 1946-இல் போர் குழுவினர் நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்ததும், 1952 முதல் சர்க்கார் அவற்றை அமைக்கத் தலைப்பட்டதும், 2021-இல் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே அனுப்பத் தொடங்கியதும் எல்லாம் அப்புளியமரத்து நிழலின் நீட்சி என்பேன்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அப்பாதை பின்னர்க் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியே மேற்கே நீண்டது. தோல் பதனிடும் சாலைகள் ஆற்று நீரையும் ரயிலையும் நம்பி அதே வழியில் பெருகின. மருத்துவமனைகளும் பள்ளிகளும் வங்கிகளும் அவ்வழியிலேயே அமைந்தன. பாதையிலிருந்து விலகிய ஜவ்வாது மலை அன்றும் விலகியே இருந்தது. காட்பாடியில் வங்க மொழி ஒலிப்பதற்கும் அல்லேரியில் அத்தாய் நடந்ததற்கும் காரணம் ஒன்றே: இருப்புப் பாதை ஓரிடத்தில் உண்டு, மண் பாதையும் சரியாக இல்லாத இடம் மற்றொன்று.

பாதை இருந்தும் வாராதோரும் உளர். நம் பகுதி தொழுநோய் மிகுந்த பகுதியாக இருந்தது. வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் முறையை இங்கேதான் வகுத்தார். விரல்கள் உதிர்வது நோய் அரிப்பதனால் அன்று. உணர்ச்சி மரத்துப்போன கை, சூட்டையும் காயத்தையும் அறியாது சிதைகின்றது என்று நிறுவியவரும் அவரே. 1955-இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டது. மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தனர், பேருந்தும் இருந்தது. ஆனால் அந்த வாயிலில் நுழைவதை ஒருவர் கண்டுவிட்டால் மகளுக்குத் திருமணம் நடவாது என்ற அச்சம் எல்லாவற்றையும் வென்றது. எனவே கரிகிரியிலிருந்து பணியாளர்கள் குடியாத்தம் வட்டாரத்து ஊர்களுக்குச் சென்று வீடு வீடாகத் தேடலாயினர். தேடத் தேட நோயாளர் தொகை பெருகியது.

இவ்விடத்தில் மாணவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். ஓர் ஊரில் நோயாளர் தொகை உயர்ந்தது என்றால் நோய் பெருகியது என்று பொருளாகாது. எண்ணுவதற்கு ஆள் வந்தது என்றும் பொருள்படலாம். இந்திய மாநிலங்களுள் நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்ற கேரள மக்களே, மாதிரி ஆய்வுகளில் ‘எனக்கு உடல்நலம் இல்லை’ என்று மிகுதியாகச் சொல்கின்றனர். ஆயுள் குறைந்த மாநிலத்தார் அவ்வளவு சொல்வதில்லை. கற்றோரும் மருத்துவரை அடிக்கடி காண்போரும் தம் நோயை நோய் என்று அறிகின்றனர். ஏனையோர் அதனை முதுமை என்றோ விதி என்றோ பெயரிட்டுப் பொறுத்துக்கொள்கின்றனர்.

மருத்துவரின் பழக்கமும் ஒரு காரணம் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். இங்கிலாந்தில் அலிசன் குளோவர் என்பவர், பள்ளிச் சிறுவர்க்குத் தொண்டைச் சதையை அறுத்தெடுக்கும் சிகிச்சை ஊருக்கு ஊர் எவ்வளவு வேறுபடுகின்றது என்பதை 1938-இல் எடுத்துக் காட்டினார். அடுத்தடுத்த ஊர்களிடையே பன்மடங்கு வேற்றுமை. ஹார்ன்சி என்னும் ஊரில் பள்ளி மருத்துவ அதிகாரி மாறியவுடன் அச்சிகிச்சைகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே விழுந்தது. சிறுவர்களின் தொண்டைகள் மாறவில்லை; அதிகாரி மாறினார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் வென்பர்க் என்பவரும் அவர் துணைவரும் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதனையே உறுதி செய்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தெலங்கானாவில் நூறு பிரசவங்களுள் ஏறத்தாழ 61, தமிழ்நாட்டில் 45, பீகாரில் 10, நாகாலாந்தில் 5 வயிற்றை அறுத்துச் செய்யப்பட்டவை. தமிழ்நாட்டிலேயே அரசு மருத்துவமனைகளில் 36. தனியார் மருத்துவமனைகளில் 64. பெண்ணின் உடலமைப்பு மாநில எல்லையில் மாறுவதில்லை. அரசு மருத்துவமனை வாயிலைத் தாண்டித் தனியார் வாயிலில் நுழைந்தவுடன் மாறுவதுமில்லை. பீகாரிலும் நாகாலாந்திலும் கத்தி எட்டாமல் இறந்த தாய்மார் இருக்கக்கூடும்; இங்கே கத்தி தேவையின்றி அதனைக் கண்ட தாய்மாரும் இருக்கக்கூடும். திண்டிவனத்து மூன்று வீடுகளில் ஓர் அறுவைக் கருவிகூட நுழையவில்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்குள் நாம் மறுகோடிக்கு வந்துவிட்டோமா என்பதை மருத்துவம் பயிலவிருக்கும் மாணவர்கள் ஆராய வேண்டும். தனியார் மருத்துவர் அனைவரும் பொருளாசை கொண்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல நேரம் பார்த்துக் குழந்தை பிறக்க வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு செல்லும் பெற்றோரும் இதில் பங்குடையவர்களே.

தோல் தொழிலாளர் நிலை வேறு. ஆதியில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டனர். பின்னர் குரோம் உப்பு வந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தவே, முழுதும் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் தொழிற்சாலைகள் இங்கே பெருகின. அவற்றில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தனர். 1948-ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு மருத்துவ உரிமை அளித்தது. சென்னை மாநிலத்தில் அத்திட்டம் 1955-இல் கோயம்புத்தூரில் தொடங்கிற்று. அட்டை உடையவர் அதற்குரிய மருந்தகத்தில் காட்டி மருந்து பெறலாம். சுண்ணாம்புக் குழியில் நாட்கூலிக்கு இறங்குபவரும், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சோடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் காலணியின் மேற்புறத்தைத் தைக்கும் பெண்களும் பெரும்பாலும் அவ்வட்டைக்கு வெளியே நின்றனர். ஒரே தெரு, ஒரே தொழில், ஒரே இருமல். ஒருவர் மருந்தகம் செல்கின்றார், மற்றவர் செல்வதில்லை.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களின் விடுப்புக் கடிதங்களை ஊன்றிப் படிப்பது வழக்கம். காய்ச்சலுக்கு எங்கே காட்டினீர்கள் என்று கேட்டால், நிலையான வேலையுள்ளவர் வீட்டுப் பிள்ளை மருத்துவர் பெயரைச் சொல்லுவான். நாட்கூலி வீட்டுப் பிள்ளை மருந்துக்கடைப் பெயரைச் சொல்லுவான். ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: ‘ஐயா, ஆஸ்பத்திரியிலே பணம் கேக்கல. ஆனா அங்கே போனா ஒரு நாள் கூலி போயிடுதே.’ இலவச மருத்துவத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை எந்தப் பொருளாதார நூலும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகக் கற்பித்ததில்லை. இங்கிலாந்து மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கருத்தும் இதனை ஒட்டியதே: நல்ல மருத்துவம், அது மிகவும் வேண்டியிருக்கும் மக்களிடத்தில் மிகவும் குறைவாகக் கிடைக்கின்றது என்றார் அவர்.

எஞ்சியது ஆற்று நீர். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அளித்த தீர்ப்பில் குறித்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. இப்பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ கெட்டது என்றும், திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் ஆராய்ந்த 467 கிணறுகளுள் 350 கெட்டன என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கின்றது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்புகளுள் தலையாயது அது. சட்டக் கல்லூரிகள் அனைத்திலும் பயிலப்படுவது. இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவு இலட்சக்கணக்கான டன் குவியலாக அங்கேயே கிடந்தது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டி உடைந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் சேற்றில் அமிழ்ந்து மாண்டனர். 2025-ஆம் ஆண்டு ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசினைக் குறித்து மற்றொரு விரிவான தீர்ப்பை வழங்க நேர்ந்தது.

கெட்ட கிணறு எண்ணப்பட்டது. கெட்ட நிலம் ஹெக்டேர் கணக்கில் அளக்கப்பட்டது. கெட்ட உடல்? சொறி என்று ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால் பதிவேட்டில் ‘தோல் நோய்’ என்று எழுதுகின்றனர். அவர் எந்தக் கிணற்று நீரில் குளிக்கின்றார், எந்தக் குழியில் நின்று வேலை செய்கின்றார் என்பதற்கு அப்பதிவேட்டில் பத்தி இருப்பதில்லை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போனவர் அந்த ஒரு வரியாகவும் இல்லை. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், நோய்க் கணக்குகளும் மூன்றாகவே எழுதப்படுகின்றன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர்க் கணக்கில் சேர்ந்தன. வாலாஜாவும் மேல்விஷாரமும் இராணிப்பேட்டைக் கணக்கில் சேர்ந்தன. ஆறு மூன்றிலும் ஓடுகின்றது. அம்மூன்று கணக்குகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து, தோல் சாலை உள்ள ஊர், இல்லாத ஊர், கிணறு கெட்ட ஊர், கெடாத ஊர் என்று பிரித்துப் பார்க்கும் வேலைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. ஒரு வரைபடமும், கோடு போட்ட நோட்டும், ஊர் ஊராகச் சென்று கேட்கும் பொறுமையும் உடைய நாலைந்து கல்லூரி மாணவர் போதும்.